பதினோராம் நம்பரின் அசையாத தண்ணீர்

காற்று பலமாக அடித்த ஒரு நாளில்தான் அத்தான் மேல் எனக்கு முதல் சந்தேகம் வந்தது.

அத்தான் என் அக்காவின் கணவர். கல் வளைவைப் பார்க்க வருகிறவர்களைப் படம் பிடித்துக் கொடுக்கப் பதினான்கு பேருக்கு அனுமதி உண்டு. அவரும் அதில் ஒருவர். ஒவ்வொருவருக்கும் அலுவலகம் ஒரு பித்தளை வில்லை கொடுத்திருக்கிறது. அதைச் சட்டையில் குத்தாமல் கேமராவைத் தூக்கினால் காவலாளி விசில் ஊதிவிடுவார். வில்லையில் நம்பர் மட்டும்தான் இருக்கும். நாளடைவில் நம்பரே ஆளாகிவிட்டது. "நாலுக்குக் காய்ச்சல்", "ஒம்பது இன்னும் சாப்பிட்டு வரல" என்றுதான் அங்கே பேச்சு. அத்தான் பதினொன்று.

நான் அந்தப் படங்களை அச்சிடுகிறவன்; சேர்ந்து சில மாதம்தான் ஆகிறது. சுற்றுச்சுவரோடு ஒட்டி, ஜன்னல் இல்லாத அறை. ஒரு பிரிண்டர், ஒரு கணினி, ஆட்டம் காணும் ஒரு மின்விசிறி. பதினான்கு பேரின் மெமரி கார்டும் என் மேசைக்குத்தான் வரும். வெளியில் என்ன வானிலை என்பது எனக்குப் படங்களில்தான் தெரியும்.

வளைவுக்கு முன்னால் நீளமான ஒரு குளம். முழங்காலளவு தண்ணீர். குளத்தின் நடுவே குறுக்காக ஒரு கல் பாதை. வந்தவர்களை அந்தப் பாதையில் நிறுத்தி, இந்தக் கரையில் இருந்து எடுத்தால், மேலே வளைவும் கீழே தலைகீழ் வளைவும் நடுவில் அவர்களுமாகப் படம் விழும். உலகம் முழுக்க அந்தப் படம் பிரசித்தம். அதே மாதிரி வேண்டும் என்றுதான் வருகிறார்கள். தண்ணீர் அசையாமல் இருந்தால் கிடைக்கும். ஆனால் அது நாளில் அரை மணி நேரம் அசையாமல் இருந்தால் பெரிது.

அன்று காலையில் இருந்தே காற்று. பதிமூன்று கார்டுகளில் வந்த குளம் கசக்கிப் போட்ட காகிதம் மாதிரி இருந்தது. கீழ் வளைவு துண்டு துண்டாக உடைந்து மிதந்தது. பதினொன்றின் கார்டைப் போட்டேன். கண்ணாடி. மேல் வளைவில் உட்கார்ந்திருந்த புறா கீழேயும் இறகு கலையாமல் உட்கார்ந்திருந்தது. படம் எடுத்த நேரத்தைப் பார்த்தேன். ஏழாம் நம்பர் எடுத்த அதே பத்து நிமிடம்.

"அத்தான், உங்களுக்கு மட்டும் காத்து அடிக்கலையா?" என்று கேட்டேன்.

"நேரம் பாத்து அமுக்கணும் மாப்ளே."

அவ்வளவுதான் பதில். பேச்சில் அவர் கஞ்சன்.

இங்கே வருவதற்கு முன் பன்னிரண்டு வருடம் ஒரு ஸ்டூடியோவில் பாஸ்போர்ட் படம் எடுத்துக்கொண்டிருந்தவர் அவர். "சிரிக்காதீங்க, காதைக் காட்டுங்க, அசையாதீங்க" என்பதைத் தவிர வேறெதையும் யாரிடமும் சொல்லத் தேவைப்படாத வேலை. ஸ்டூடியோவை மூடியதும் இங்கே வந்தார். மற்றவர்கள் நின்றோ உட்கார்ந்தோ எடுப்பார்கள். அவர் கரையில் குப்புறப் படுத்து, கேமராவையும் தலையையும் சேர்த்து ஒரு துண்டால் மூடிக்கொள்வார். கேட்டால் வெயில் என்பார். மேகமூட்டத்திலும் அதே துண்டுதான். நாற்பத்தாறு வயதில் இரண்டு முழங்கையிலும் ஒட்டகத்துக்கு இருப்பது போலக் காய்ப்பு.

வந்தவர்கள் வாசலிலேயே "பதினோராம் நம்பர் யாரு?" என்று கேட்டுக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். இதில் மற்ற பதிமூன்று பேருக்கு வயிறு எரிந்ததில் ஆச்சரியம் இல்லை. அதிகம் எரிந்தது ஏழுக்கு. குரல் பெரிய மனிதர். பதினான்கு பேர் சார்பாக அலுவலகத்தில் பேசுவதும் அவர்தான்.

"உன் அத்தான் தண்ணிக்கு ஏதோ மருந்து வைக்கிறான்டா," என்று ஒருநாள் என் மேசையில் கையூன்றிச் சொன்னார். "சும்மா தூங்குமா தண்ணி? ஒரு மூடி எண்ணெய் விட்டா அலை அடங்கிரும். படகோட்டுறவன் எல்லாம் செய்யுற வேலைதான்."

"பாத்தீங்களா அண்ணே?"

"பாக்கணுமா? துண்டுக்குள்ள கை எதுக்குப் போகுது?"

 அந்தக் கையை நானும் பார்த்திருந்தேன்.

வீட்டில் இது வேறு மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. அக்கா பள்ளிச் சீருடை தைக்கிற கூடத்தில் காலர் பிரிவில் இருக்கிறாள். நாளெல்லாம் காலர் வளைவில் ஒரு தையல் பிசகினாலும் கண்டுபிடித்துவிடுகிற கண். ஒரு மாலை, அத்தான் குளிக்கப் போன நேரம், என்னைச் சமையலறைக்குள் இழுத்தாள்.

"கேமராப் பைக்குள்ள ஒரு ஜிப்பு இருக்கு, தெரியுமா?"

"இருக்கட்டுமேக்கா."

"அதுக்குள்ள இன்னொரு போன் இருக்குடா. கறுப்பா. நான் உள்ள வந்ததும் சட்டையில துடைச்சுப் படக்குனு உள்ள போட்டாரு. துடைச்சு வைக்கிறாரு! கைரேகை தெரியக் கூடாதுன்னு துடைக்கிறவன் யாரு? திருடன்."

"பழைய போனா இருக்கும்."

"பழைய போனை எதுக்குக் குழந்தை மாதிரி மெத்துன்னு துணியில சுத்தணும்? யாரோ ஒருத்தி கூப்பிடுறா. நீ அங்கதானே இருக்க, கண்ணைத் திறந்து வச்சிட்டு இரு."

குளியலறைக் கதவு திறந்தது. அக்கா கரண்டியை எடுத்து ஒன்றும் இல்லாத சட்டியைக் கிளற ஆரம்பித்தாள். அத்தான் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கேமராப் பையைப் பார்த்தார். ஜிப்பு மூடியிருந்தது. அதைத் தலைமாட்டுக்கு எடுத்துக்கொண்டு போனார். அந்த வீட்டில் மூன்று பேர் இருந்தோம். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் ஓரக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அடுத்த திங்கட்கிழமை குளத்தில் நிஜமாகவே எண்ணெய் மிதந்தது.

கரையோரம் வானவில் நிறத்தில் ஒரு படலம். கொசுப் புழுவைத் தின்பதற்காக விட்டிருந்த சின்ன மீன்கள் மேலே வந்து வாய் பிளந்தன. கல் படியில் விரல் வைத்தால் வழுக்கியது. மேற்பார்வையாளர் வந்தார். ஒல்லியான மனிதர், எதையும் காகிதத்தில் பார்த்தால்தான் நம்புவார். படியில் விரல் வைத்து முகர்ந்தார். அதையும் குறித்துக்கொண்டார்.

"சமையல் எண்ணெய்," என்றார். "குளத்தை இறைச்சுத் தேய்க்கணும். யார் ஊத்துனதுன்னு தெரிஞ்சா அன்னைக்கே வில்லை போயிரும். திரும்பக் கிடைக்காது."

பதிமூன்று பேரும் பதினொன்றைப் பார்த்தார்கள். விரலைக் காட்டியிருந்தால்கூட இவ்வளவு தெளிவாக இருந்திருக்காது.

நானும்தான் பார்த்தேன். அன்று மதியம், அவர் கைகழுவப் போனபோது, அவருடைய துண்டை எடுத்து முகர்ந்தேன். வெயில் வாசனையும் வியர்வையும். எண்ணெய் இல்லை. நிம்மதி வரவில்லை, துண்டை மாற்றியிருப்பாரோ என்றுதான் தோன்றியது.

செவ்வாய்க்கிழமை குளத்தை இறைத்துவிட்டார்கள். ஆறு பேர் உள்ளே இறங்கி நீளத் துடைப்பத்தால் தேய்த்தார்கள். அன்றைக்கும் ஆட்கள் வந்தார்கள். வளைவை மட்டும் எடுத்துக்கொடுங்கள் என்று சொல்லிப் படம் எடுத்துக்கொண்டார்கள்.

மூன்று மணிக்கு ஒரு குடும்பஸ்தர் அச்சான படத்தோடு என் அறைக்குள் திரும்பி வந்தார். முகம் சிவந்திருந்தது.

"தம்பி, குளத்துல தண்ணி இருக்கா?"

"இல்ல சார், இறைச்சிருக்காங்க."

"இதுல இருக்கே!"

படத்தை என் முன்னால் போட்டார். கல் பாதையில் அவரும் மனைவியும். பின்னால் வளைவு. கீழே, அலையே இல்லாத, கண்ணாடி போன்ற தண்ணீர். அதில் தலைகீழாக இன்னொரு வளைவு, இன்னொரு கணவன், இன்னொரு மனைவி.

"அங்க ஆறு பேர் துடைப்பத்தோட நின்னாங்களே, அவங்க எங்க? வெட்டி ஒட்டி ஏமாத்துறீங்களா? எவனோ எடுத்த பழைய குளத்தை எங்க காலுக்கடியில ஒட்டியிருக்கீங்க!"

நான் அச்சிடும்போது கவனிக்கவே இல்லை. பதினொன்றின் கார்டில் தண்ணீர் இருப்பது அவ்வளவு பழகிவிட்டது. அவருக்கும் அப்படித்தான் ஆகியிருக்க வேண்டும். குளம் காலி என்று கண்ணுக்குத் தெரிந்திருக்கும், கைக்குத் தெரியவில்லை. படுத்தது, துண்டைப் போட்டது, கை தன் வேலையைச் செய்துவிட்டது.

அந்த மனிதர் நேரே மேற்பார்வையாளரிடம் போய்ப் புகார் எழுதிக் கொடுத்தார். நான் அந்தப் படத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன். மேலே அந்த அம்மாவுக்குத் தும்மல் வரப்போகிற முகம். ஒரு கண் பாதி மூடி, மூக்கு சுருங்கி. கீழேயும் அதே தும்மல், தலைகீழாக. பழைய படத்தை ஒட்டியிருந்தால் தும்மல் எப்படி ஒட்டும்? ஆக, ஒட்டு வேலை இல்லை. தண்ணீரே இல்லாததால் எண்ணெயும் இல்லை. அத்தான் மேல் இருந்த இரண்டு சந்தேகம் போய், பெயரே தெரியாத மூன்றாவது ஒன்று வந்து உட்கார்ந்தது.

புதன்கிழமை காலை அத்தானை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். காற்று நாளின் படங்களோடு என்னையும். ஏழு ஏற்கெனவே உள்ளே நாற்காலியில் இருந்தார். மேற்பார்வையாளர் முதலில் கையை நீட்டினார். அத்தான் வில்லையைக் கழற்றிக் கொடுத்தார். சட்டையில் அது இருந்த இடம் மட்டும் வெளுக்காமல் வட்டமாக இருந்தது.

"மூணு கேள்வி," என்றார் மேற்பார்வையாளர். "எண்ணெய் ஊத்துனது நீங்களா? இல்லைன்னா, காத்து அடிக்கிற அன்னைக்கு உங்க தண்ணி மட்டும் எப்படி நிக்குது? தண்ணியே இல்லாத அன்னைக்கு எப்படி வருது?"

"எண்ணெய் நான் ஊத்தல சார்."

"சரி. மத்தது?"

அத்தான் தரையைப் பார்த்தார்.

"சொல்லுய்யா," என்றார் ஏழு. "வாயில கொழுக்கட்டையா? பதிமூணு பேரு பொழப்புல மண்ணு."

மேற்பார்வையாளர் ஒரு காகிதத்தை இழுத்தார். "பதில் இல்லைன்னா நான் ஒண்ணே ஒண்ணுதான் எழுத முடியும். அனுமதி ரத்துன்னு."

அத்தான் அந்தக் காகிதத்தைப் பார்த்தார். சொல்லிவிட்டால் நாளையில் இருந்து அவர் பதினான்கில் ஒருவர். சொல்லாவிட்டால் பதினான்கிலேயே இல்லை. பேனாவின் மூடி கழன்றது. அவர் வாயைத் திறந்த நேரத்தில் கதவு திறந்தது.

அக்கா. கழுத்தில் இஞ்ச் டேப் தொங்க, ரவிக்கையில் குண்டூசி மின்ன, வேலையில் இருந்து அப்படியே வந்திருந்தாள். அவசரத்தில் அத்தான் கேமராப் பையை வீட்டிலேயே விட்டு வந்திருந்தார். அதை அவள் வேலைக்கே தூக்கிப் போயிருக்க வேண்டும்; இப்போது அவள் தோளில். கையில் அந்தக் கறுப்புப் போன்.

"இது யாருது?" என்றாள்.

"அம்மா, இங்க விசாரணை நடக்குது," என்றார் மேற்பார்வையாளர்.

"நானும் அதுக்குத்தான் சார் வந்திருக்கேன். நீங்க பாட்டுக்கு உங்கதை நடத்துங்க, நான் என்னுதை நடத்துறேன். சொல்லுங்க, எவ கூப்பிடுறா இதுல?"

"அது செத்த போன்," என்றார் அத்தான்.

"செத்த போனைத்தான் தினம் குளிப்பாட்டி மெத்தையில படுக்க வைக்கிறீங்களா?"

ஏழு சிரித்துவிட்டார். அத்தான் யாரையும் பார்க்கவில்லை. அக்காவின் கையில் இருந்து போனை வாங்கினார். சட்டை நுனியால் அதைத் துடைத்தார், மெதுவாக, ஒரு ரேகையும் இல்லாமல். கேமராவை எடுத்தார். மேற்பார்வையாளரின் மேசைக்கு எதிரே போய் முழங்காலிட்டார்.

"சார், அப்படியே இருங்க. அசையாதீங்க."

பாஸ்போர்ட் படக் குரல். மேற்பார்வையாளர் அவரையறியாமல் காது தெரியும்படி நிமிர்ந்தார். அத்தான் போனை, திரை மேலே பார்க்க, லென்ஸின் கீழ் உதட்டோடு ஒட்டிப் படுக்க வைத்தார். அமுக்கினார். கேமராவின் பின்பக்கத்தை அவரிடம் காட்டினார்.

மேசையைக் காணோம். அந்த இடத்தில் ஓர் ஏரி. அமைதியான, கறுத்த ஏரி. அதன் அக்கரையில் மேற்பார்வையாளர், பின்னால் கோப்பு அலமாரி; ஏரிக்குள் தலைகீழாக இன்னொரு மேற்பார்வையாளர், தலைகீழ்க் கோப்புகள்.

"மூணு வருஷத்துக்கு முன்னால கீழ விழுந்து செத்துப்போச்சு," என்றார் அத்தான். "லென்ஸ் பக்கத்துல வச்சேன். அதுல வளைவு தெரிஞ்சுது. அதுல காத்து அடிக்காது சார். அவ்வளவுதான். நான் குளத்தை எடுத்தே மூணு வருஷமாச்சு."

மேற்பார்வையாளர் கேமராவைக் கையில் வாங்கி, தன்னையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது ஏழின் குரல், அவருக்கே தெரியாமல், சின்னதாக வந்தது.

"அப்ப நீ எண்ணெயே போடலையா? அப்ப நான் எதுக்குடா..."

நின்றது. எனக்குக் கேட்டது. அக்காவுக்குக் கேட்டது. அத்தான் தலையைத் திருப்பி ஏழாம் நம்பரைப் பார்த்தார். ஏழின் முகத்தில் இருந்தது குற்ற உணர்ச்சி இல்லை, ஏமாற்றப்பட்டவனின் கோபம். இல்லாத ஒரு வித்தையைத் தானே யூகித்து, அதைக் காப்பியடித்து, அத்தனை மீன்களையும் வாய் பிளக்க வைத்த மனிதர்.

"என்ன?" என்று நிமிர்ந்தார் மேற்பார்வையாளர்.

"ஒண்ணுமில்ல சார்," என்றார் ஏழு.

 அக்கா வாயைத் திறந்தாள். அத்தான் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டாள்.

"எண்ணெய் விஷயத்துல உங்க மேல சந்தேகம் போச்சு," என்றார் மேற்பார்வையாளர். "ஆனா இப்ப இன்னொண்ணு வந்திருச்சே. ஜனங்க நம்ம குளத்தைப் பாக்க வர்றாங்க. நீங்க அவங்களுக்குப் போனைக் காட்டி அனுப்பியிருக்கீங்க. நீங்க எடுக்கிறது எதையும் நான் எப்படி நம்புறது?" வில்லையை இழுப்பறைக்குள் போட்டார். "நாளைக்குத் தண்ணி நிரப்புறாங்க. நிஜக் குளத்தை எடுத்து ஒரு படம் கொண்டு வாங்க. போன் இல்லாம. குளம்தான்னு எனக்குத் தெரியணும். அப்புறம் பாக்கலாம்."

வெளியே வந்ததும் அக்கா கேட்டாள்: "இத வச்சுப் படம் மட்டும்தான் எடுப்பீங்களா?"

"ஆமா."

"அப்ப பேசுறதுக்கு வேற தனியா வச்சிருக்கீங்களா?"

அத்தான் பையைத் திறந்து தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினார். ஒரு தூரிகையும் இரண்டு கிராம்பும் விழுந்தன. அவள் பையின் தையலையும் ஒரு தடவை விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் வேலைக்குப் போனாள்.

வியாழக்கிழமை குளம் நிரம்பியது. காற்றும் வந்தது. அத்தானிடம் வில்லை இல்லை; ஆனால் காவலாளியிடம் மேற்பார்வையாளர் சொல்லியிருந்ததால் விசிலும் இல்லை. கரையில் ஒன்றாம் நம்பரில் இருந்து பதினான்கு வரை ஆளுக்கொரு போனை லென்ஸுக்குக் கீழே பிடித்துக்கொண்டிருந்தார்கள். செய்தி ஒரே நாளில் பரவியிருந்தது. அத்தான் மட்டும் நடுவில் நின்று, வெறும் கேமராவால் தண்ணீரைப் பார்த்தார். ஒரு மணி நேரம் பார்த்தார். மூன்று வருடத்தில் அவருக்கு அது அந்நியமாகிவிட்டது போல் இருந்தது. ஒரே ஒரு படம் எடுத்தார்.

அதை நான் அச்சிட்டேன். வளைவின் தூண்கள் தண்ணீரில் நெளிந்து, அறுந்து, மறுபடி சேர்ந்துகொள்ளப் பார்த்தன. கல் பாதையில் யாரோ நடந்துபோகிறார். தண்ணீரில் அவர் ஏழெட்டுத் துண்டு.

மேற்பார்வையாளர் படத்தை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். திருப்பினார். முகர்ந்துகூடப் பார்த்தார்.

"இது எங்க எடுத்தது?"

"நம்ம குளம் சார்."

"நம்ம குளம் இப்படி இருக்காதே."

"இப்படித்தான் சார் இருக்கும். வாங்க, வந்து பாருங்க."

 அவர் இழுப்பறையைத் திறந்து வில்லையை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, படத்தோடு எழுந்து வந்தார். கரையில் நின்று படத்தைக் கைநீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, குளத்தோடு ஒப்பிட்டார். பொருந்தவில்லை. தண்ணீர் வேறு மாதிரி நெளிந்துகொண்டிருந்தது.

"அதே காத்து வரணும் சார்," என்றார் அத்தான்.

"வரட்டும். நான் நிக்கிறேன்."

இருவரும் நின்றார்கள். பத்து நிமிடம். இருபது. அவ்வப்போது மேற்பார்வையாளர் "இதா?" என்பார், "இல்ல சார்" என்பார் அத்தான். என் அறை வாசலில் இருந்து பார்த்தால் எதற்கோ பயந்து காத்திருக்கிற இரண்டு பேர் மாதிரி இருந்தது. பிறகு ஒரு காற்று வந்தது. தூண்கள் நெளிந்தன, இடது பக்கம் அறுந்தன. மேற்பார்வையாளர் படத்தைப் பார்த்தார், குளத்தைப் பார்த்தார், அவசரமாக மறுபடி படத்தைப் பார்த்தார். அதற்குள் போய்விட்டது.

"கிட்டத்தட்ட," என்றார். பேனாவை எடுத்து, அத்தானின் முதுகைத் திருப்பச் சொல்லி அதன்மேல் படத்தை வைத்து, பின்பக்கத்தில் 'குளத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன்' என்று எழுதித் தேதி போட்டுக் கையெழுத்திட்டார். வில்லையைக் கொடுத்தார். "வாராவாரம் ஒண்ணு கொண்டு வரணும்."

அவர் உள்ளே போனதும் ஏழு போனைப் பையில் போட்டுக்கொண்டு வேகமாக வந்தார்.

"அவ்வளவு நேரம் ரெண்டு பேரும் என்ன பேசுனீங்க?"

"காத்தைப் பத்தி," என்றார் அத்தான், வில்லையைக் குத்திக்கொண்டே.

"என் பேரு வந்துச்சா?"

"இல்ல."

"கையெழுத்துப் போட்டாரே, அது என்ன காகிதம்?"

அத்தான் படத்தை நீட்டினார். ஏழு முன்பக்கம் பார்த்தார், பின்பக்கம் பார்த்தார். தண்ணீரில் நெளிகிற அந்த ஏழெட்டுத் துண்டு மனிதனை விரலால் தொட்டு, தன் சட்டை நிறத்தோடு வைத்துப் பார்த்தார்.

"இது நான்தானே?" என்றார்.

"யாரோ நடந்து போனாங்க. எனக்குத் தெரியாது."

ஏழு நம்பவில்லை. அன்று முழுக்க, படம் எடுக்க வந்தவர்களைக்கூட விட்டுவிட்டு, அவர் அத்தானையும் என்னையும் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.